பெட்டியில் அடங்காத சாமான்கள்: மேற்கு மாம்பலத்திலிருந்து நங்கநல்லூருக்கு ஒரு வீடு மாற்றம்

பின்னணி

சென்னை மேற்கு மாம்பலம். லிஃப்ட் இல்லாத பழைய குடியிருப்பில் இரண்டாம் மாடி வீடு: ஒரு படுக்கையறை, கூடம், சமையலறை, துணி உலர்த்த மட்டும் இடமுள்ள பால்கனி. மொத்தம் 620 சதுர அடி. குடியிருந்தவர்கள் நால்வர்: வேலைக்குப் போகும் கணவன், மனைவி, இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகள், கணவனின் தாயார். ஏழு வருடம் ஒரே வீட்டில் இருந்ததால் பரண் நிரம்பி வழிந்தது. போகும் வீடு நங்கநல்லூரில் மூன்றாம் மாடி. அங்கே லிஃப்ட் உண்டு. தூரம் ஏறத்தாழ 10 கிலோமீட்டர்.

ஊர்விட்டு ஊர் போகிறவர்கள் பேக்கர்ஸ் ஆட்களிடம் மொத்தமாக ஒப்படைத்துவிடுவார்கள். ஊருக்குள்ளேயே மாறும்போது "பக்கத்துலதானே, நாமே கட்டிடலாம்" என்று தோன்றும். இந்தக் குடும்பமும் அப்படித்தான் தீர்மானித்தது: கட்டுவது வீட்டார், தூக்குவது மூன்று லோடுமேன்கள், போவது குட்டி யானை எனப்படும் சிறிய சரக்கு வண்டியில். பெட்டி கட்டியதில் ஏறக்குறைய குறையே சொல்ல முடியாது. மாறிய நாளை இழுத்தடித்ததும் காசைக் கரைத்ததும் பெட்டிக்குள் போகாத சாமான்கள்தான்.

நாள் குறித்தது

ஆடியில் வீடு மாறுவதில்லை. புரட்டாசியிலும் பலர் தயங்குவார்கள். இரண்டுக்கும் நடுவே வரும் ஆவணியில் எல்லோரும் ஒரே நேரத்தில் வண்டி தேடுவார்கள். இவர்களுக்கு வண்டியும் ஆளும் சேர்ந்து கிடைத்தது செப்டம்பர் இரண்டாம் ஞாயிறு. புது வீட்டுச் சாவி ஆகஸ்ட் கடைசியிலேயே கைக்கு வந்துவிட்டது. இரண்டு வீட்டுக்கும் பதினைந்து நாள் வாடகை கட்ட வேண்டியிருந்தாலும் அந்தப் பதினைந்து நாள்தான் பிறகு பல இடத்தில் காப்பாற்றியது.

பால் காய்ச்சுவதை, சாமான் ஏற்றும் நாளோடு சேர்க்காமல் பதினொரு நாள் முன்னதாக ஒரு புதன்கிழமை காலையிலேயே முடித்தார்கள். ஒரே நாளில் வைத்தால் நல்ல நேரத்துக்குப் பாதிக் குடும்பம் அடுப்படியில் நிற்கும், மீதிப் பாதி லோடுமேனுக்குப் பதில் சொல்லும். ஞாயிறன்று ராகு காலம் மாலை 4.30 முதல் 6 வரை. வண்டி தாமதமானால் "அதுக்குள்ள உள்ள ஏத்திடணும்" என்ற பதற்றமும் சேர்ந்துகொள்ளும். பிரித்து வைத்ததால் இந்தச் சிக்கல் எதுவும் வரவில்லை. விளக்கு, உப்பு, மஞ்சள், ஒரு குடம் தண்ணீர் அன்றே உள்ளே போயிற்று. கூடவே அளவு நாடாவும் போயிற்று.

அளந்ததில் தெரிந்தவை

புது வீட்டு லிஃப்ட் ஆறு பேர், 408 கிலோ. கதவு அகலம் 28 அங்குலம், உயரம் 79 அங்குலம். உள்ளே 43க்கு 39 அங்குலம். பீரோவின் உயரம் 78, அகலம் 36, ஆழம் 19. அதாவது பீரோ போகும், ஆனால் நின்றபடியேதான் போகும். உயரத்தில் ஒரே ஒரு அங்குலம் இடைவெளி. சாய்த்தால் மேல்விளிம்பு இடிக்கும். அடியில் சாக்கைப் போட்டு, 19 அங்குலப் பக்கத்தை முன்னால் விட்டு நகர்த்தித் தள்ள வேண்டும். இது முன்கூட்டியே தெரிந்ததால் ஞாயிறன்று லிஃப்ட் வாசலில் வாக்குவாதம் எழவில்லை. மெத்தை (78க்கு 60) லிஃப்டில் போகாது, படிதான் என்பதும் அப்போதே தெரிந்தது. மூன்று மாடிக்கு ஆட்கள் தனிக் கூலி கேட்பார்கள். பேசும்போதே அதைச் சேர்த்துப் பேசினார்கள்.

பழைய வீட்டுப் படிக்கட்டு 3 அடி அகலம். பீரோவை ஆள் உயரத்துக்குத் தூக்கித் திருப்ப முடியாது. வளைவில் செங்குத்தாக நிறுத்தி, அடிமூலையை ஊன்றிச் சுழற்றத்தான் இடம் இருந்தது. சந்து இன்னும் மோசம். இரண்டு பக்கமும் பைக்குகள், மேலே தொங்கும் கேபிள் ஒயர்கள்.

அடுத்தது வண்டிக் கணக்கு. "சிங்கிள் பெட்ரூமா? ஒரே லோடு சார்" என்றார் வண்டிக்காரர். அறைகளை எண்ணி வண்டி பேசுவது இந்தத் தொழிலில் வழக்கம். தவறு நேருவதும் அங்கேதான். குட்டி யானையின் தட்டு 7 அடி நீளம், 5 அடிக்குச் சற்றுக் குறைந்த அகலம். ஆறடி உயரம் வரை அடுக்கினால் 205 கன அடி கிடைக்கும். வீட்டுச் சாமானைக் கூட்டிப் பார்த்தார்கள்: சோபா 43, பீரோ 31, கழற்றிய கட்டிலும் மெத்தையும் 28, மேசை நாற்காலி 20, ஃப்ரிட்ஜும் வாஷிங் மெஷினும் 25, உத்தேசமாக 26 பெட்டிகளுக்கு 88, துணி மூட்டைகள் 32, ஏசி, இன்வெர்ட்டர் வகையறா 12, கொலுப் பொம்மை டிரங்குகள் 10. மொத்தம் 290 கன அடிக்குப் பக்கம். ஒன்றோடொன்று ஒட்டாமல் போகும் இடைவெளிக்கு ஐந்தில் ஒரு பங்கு சேர்த்தால் 350. எடையும் முக்கால் டன் தாங்கும் வண்டிக்கு அதிகம். ஒரே லோடு என்பது நடக்காத காரியம்.

எடுத்த முடிவுகள்

பெரிய வண்டி ஒரே நடை, அல்லது குட்டி யானை இரண்டு நடை. பெரிய வண்டி சந்துக்குள் வராது. தெருமுனை வரை 60 அடி தூக்கிப்போக வேண்டும். ஆட்களின் நேரத்தைத் தின்பது அந்த 60 அடிதான். அதனால் இரண்டு நடை என்று முடிவாயிற்று.

முதல் நடையில் எது போக வேண்டும் என்பதில் மருமகளின் யோசனை சரியாக இருந்தது: பீரோ, கட்டில், மெத்தை, ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், சமையல் பெட்டிகள். அறை காலியாக இருக்கும்போதே பீரோவைச் சுவரோரம் நிறுத்திக் கட்டிலைப் பூட்டிவிட வேண்டும். பெட்டிகள் முதலில் வந்து தரையை அடைத்துக்கொண்டால் கட்டில் பூட்ட இடமிருக்காது, முதல் இரவு எல்லோரும் மூட்டைகளுக்கு நடுவேதான் படுக்க வேண்டும்.

சுவரில் மாட்டியிருந்தவை ஏசி, தண்ணீர் சுத்திகரிப்புக் கருவி, டிவி, சொந்த மின்விசிறி இரண்டு, திரைச்சீலைக் கம்பிகள், இன்வெர்ட்டர். இவற்றில் ஏசிக்கு மட்டும் மெக்கானிக்கைச் சொல்லிவைத்தார்கள், அதுவும் ஞாயிறு காலை எட்டு மணிக்கு. சனிக்கிழமை இரவுவரை ஏசி வேண்டும் என்பதைத் தவிர இதற்கு வேறு காரணமில்லை.

கட்டிய பத்து நாள்

முதல் மூன்று நாள் பரணுக்குப் போயிற்று. பரணை முதலில் காலி செய்ததில் எதிர்பாராத லாபம் ஒன்று: வாஷிங் மெஷின் வாங்கியபோது பின்பக்கத்திலிருந்து கழற்றிய நான்கு போல்ட்டுகள் ஒரு பிளாஸ்டிக் கவரில் கிடைத்தன. முன்பக்கம் கதவுள்ள மெஷினில் டிரம் ஸ்பிரிங்கில் தொங்குகிறது. போல்ட் போட்டு இறுக்காமல் வண்டியில் ஏற்றினால் மேடுபள்ளத்தில் டிரம் ஆடி, தாங்கிகள் கெடும். போல்ட் தொலைந்திருந்தால் அந்த கம்பெனி சர்வீஸ் சென்டரில் கேட்டு வாங்கலாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் கேட்டால் கிடைக்காது.

பெட்டி விஷயத்தில் மளிகைக் கடைப் பெட்டிகளைத் தவிர்த்தார்கள். இனாமாகக் கிடைக்கும், ஆனால் மூன்றடுக்கு அட்டை. இரண்டுக்கு மேல் அடுக்கினால் அடிப்பெட்டி நசுங்கும், மடிப்புகளுக்குள் கரப்பான் முட்டையும் கூடவே வரும். ஐந்தடுக்கு அட்டையில் 18 அங்குலச் சதுரப் பெட்டிகள் 25, புத்தகத்துக்கு 12 அங்குலப் பெட்டிகள் 6, ஆக 31. புத்தகம் கன அடிக்கு 15 கிலோ அளவில் வரும். 12 அங்குலப் பெட்டி ஒருவர் தூக்கும் எடை. அதையே 18 அங்குலப் பெட்டியில் நிரப்பினால் 50 கிலோ; அடி பிய்ந்துவிடும், அல்லது தூக்குகிறவரின் இடுப்பு பிடித்துக்கொள்ளும். இரண்டு அங்குல பிரவுன் டேப், 65 மீட்டர் சுருள், நான்கு செலவாயிற்று. பெட்டியின் அடியில் நடுக்கோட்டில் இரண்டு வரி, இரண்டு ஓரங்களிலும் குறுக்கே ஒவ்வொரு வரி. நடுவில் மட்டும் ஒட்டிய பெட்டிதான் படிக்கட்டில் வாய்பிளக்கும்.

பெட்டியின் மேல் "கிச்சன்" என்று எழுதுவது வீண். அடுக்கியதும் மேல்பக்கம் மறைந்துவிடும். பதினைந்து பெட்டியில் ஒரே சொல் இருந்தால் எழுதாததற்குச் சமம். இவர்கள் எண்ணை இரண்டு பக்கவாட்டில் பெரிதாக எழுதி, உள்ளே இருப்பதை ஒரு நாற்பது பக்க நோட்டில் குறித்தார்கள்.

சமையலறையில் வாளி, அண்டா, குக்கர், டப்பா எல்லாமே பெட்டியாக வேலை செய்தன. அண்டாவுக்குள் பருப்பு டப்பாக்கள், குக்கருக்குள் கரண்டிகள். அரிசி டிரம்மை அப்படியே மூடிக்கு டேப் ஒட்டி எடுத்தார்கள். ஊறுகாய் ஜாடிகளின் வாயில் பாலித்தீன் போட்டு நூலால் கட்டி, மூடியை அதன்மேல் திருகி, வாளியில் நிற்கவைத்தார்கள். பீங்கான் தட்டுகளைப் படுக்கவைக்காமல் ஒன்றின் பின் ஒன்றாக நிறுத்திவைத்தார்கள். படுக்கவைத்தால் அடித்தட்டு மேலுள்ள எல்லாத் தட்டின் அடியையும் வாங்கும். கிரைண்டரின் குழவிகளை வெளியே எடுத்துத் தனியே சுற்றினார்கள். உள்ளே விட்டால் அவை ஆடி, பாத்திரத்தின் நடுத்தண்டை வளைத்துவிடும்.

கொலுப் பொம்மைகள் மாமியாரின் பொறுப்பு. "நீ புஸ்தகத்தைப் பாரும்மா, இதை யாரும் தொட வேண்டாம்" என்று சொல்லிவிட்டார். பழைய வேட்டித் துணியில் முதல் சுற்று, அதன்மேல்தான் செய்தித்தாள். தாளை நேராகச் சுற்றினால் அச்சு மை முகத்தில் ஒட்டும். நீட்டிய கை, வீணை, குடை இருக்கும் இடங்களில் சுற்றும் முன்பே துணி உருண்டையை அடைகொடுத்தார். மண் பொம்மைகள் அடியில், காகிதக் கூழ் பொம்மைகள் மேலே. நவராத்திரி சில வாரங்களில் வரப்போகிறது என்பதால் டிரங்குகள் புது வீட்டில் பரணேறாமல் கட்டிலுக்கடியில் போக வேண்டும் என்று நோட்டில் எழுதவைத்தார். அந்த இரண்டு டிரங்கிலும் ஒரு கீறல்கூட விழவில்லை.

சனிக்கிழமை காலையே ஃப்ரிட்ஜை அணைத்துக் கதவைத் திறந்துவைத்தார்கள். பின்பக்கம் கம்ப்ரஸர் மேலுள்ள சிறு தட்டில் தேங்கியிருந்த நீரையும் துடைத்தார்கள். பலர் மறப்பது இதுதான், படியில் சாய்க்கும்போது தூக்குபவரின் காலில் கொட்டி வழுக்கும். சனி இரவு ஒன்பது மணிக்கு 31 பெட்டிகளும் ஒட்டியாயிற்று. நோட்டில் எல்லாம் இருந்தது. சுவரில் இருந்தவை மட்டும் அதில் இல்லை.

ஏற்றிய நாள்

வண்டி காலை 6.30க்கு வந்தது. மூவரில் மூத்தவர் பீரோவின் கதவைத் திறந்து உள்ளே காலியா என்று பார்த்தார், பூட்டினார், சாவியை மருமகளிடம் கொடுத்து "இதை எந்தப் பெட்டியிலயும் போடாதீங்கம்மா" என்றார். கயிற்றோடு மேலே ஒருவர், கீழே இருவர். இரண்டு மாடி இறங்க 25 நிமிடம். வண்டியில் பீரோ முதலில், கேபின் சுவரோடு கண்ணாடிப் பக்கம் உள்நோக்கி. மெத்தை அதற்கும் ஃப்ரிட்ஜுக்கும் நடுவே அணையாக. 9.15க்கு முதல் நடை கிளம்பியது. அசோக் நகர், கத்திப்பாரா வழியாகப் போய் 11.30க்குள் எல்லாம் மாடியேறியாயிற்று.

எட்டு மணி மெக்கானிக் பழைய வீட்டுக்கு வந்தபோது மணி 11.40. ஞாயிறு, ஆவணி, அவருக்கு அன்று நான்காவது வீடு. ஏசியைக் கழற்றும் முறை இது: ஏசியைக் குளிர்ச்சியில் ஓடவிட்டு, வெளி யூனிட்டில் மெல்லிய குழாயின் வால்வை ஆலன் கீயால் மூட வேண்டும். உள் யூனிட்டிலும் குழாயிலும் இருக்கும் வாயு முழுவதையும் கம்ப்ரஸர் இழுத்து வெளி யூனிட்டில் சேர்த்ததும் தடித்த குழாயின் வால்வையும் மூடி, உடனே அணைக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் நட்டில் ஸ்பேனர் வைக்கலாம். ஏசி ஓட ரிமோட் வேண்டும். ரிமோட் 14ஆம் எண் பெட்டியில், நங்கநல்லூரில். மருமகள் நோட்டைப் பார்த்து அரை நிமிடத்தில் சொல்லிவிட்டார். சொல்லி என்ன பயன்.

"ரிமோட் இல்லாம ஓட்ட முடியாது சார்" என்று சொல்லி மெக்கானிக் நட்டைத் தளர்த்தினார். வாயு சீறிப் போயிற்று. பெரும்பாலான ஏசிகளில் உள் யூனிட்டின் முன்மூடியைத் தூக்கினால் ஒரு சிறு பட்டன் இருக்கும். ரிமோட் இல்லாதபோது ஓட்டுவதற்கென்றே வைத்தது. அவசரத்தில் யாரும் அதைத் தேடவில்லை. அந்த ஏசியில் இருந்தது ஆர்-32. தீப்பற்றக்கூடிய வாயு என்பதால் மூடிய அறையில் இப்படித் திறந்துவிடுவது காசு நஷ்டத்தோடு முடிந்தது அதிர்ஷ்டம்தான்.

சுத்திகரிப்புக் கருவியைக் கணவன் தானே கழற்றினார். உள்தொட்டியை வடிக்காமல் ஆணியிலிருந்து தூக்கியதால் கூடம் முழுக்கத் தண்ணீர். துடைத்துக் காய அரை மணி நேரம். மின்விசிறிகளுக்கு எலெக்ட்ரீஷியன் தேடி இன்னொரு ஒன்றரை மணி. வண்டியும் மூன்று ஆட்களும் கீழே காத்திருந்தார்கள். காத்திருந்த நேரத்துக்குக் கூலி கேட்டார்கள், நியாயம்தான்.

கடைசியாக இன்வெர்ட்டர் பேட்டரி. 150 ஆம்பியர்-அவர் டியூபுலர், 55 கிலோவுக்கு மேல். பிளக்கைப் பிடுங்கி, நெகட்டிவ் முனையை முதலில் கழற்றி, முனைகளில் துணி சுற்றியதுவரை சரியாகச் செய்தார்கள். வண்டியில் இடம் தேடியபோது மணி மூன்றரை, வானம் இருட்டிவிட்டது. அவசரத்தில் பேட்டரியைத் துணி மூட்டைகளுக்கு நடுவே, ஒரு பக்கம் சோபாக் காலில் சற்று ஏறியபடி வைத்துத் தார்ப்பாய் போட்டுக் கட்டிவிட்டார்கள். செப்டம்பர் மாலை மழையிலிருந்து தார்ப்பாய் எல்லாவற்றையும் காத்தது. பேட்டரி மூடியின் மிதவைக் குமிழ்கள் வெறுமனே அழுத்திப் பொருத்தியவை. சாய்ந்தால் அமிலம் கசியும். அதைத் தார்ப்பாய் தடுக்காது.

பின்னர் தெரிந்தவை

முதல் இரவு நன்றாகவே கழிந்தது. கட்டில் மதியமே பூட்டியாயிற்று. முதல் நாள் பெட்டியில் லைட்டர், காஸ் ரெகுலேட்டர், ஒரு குக்கர், டீத்தூள், உப்பு, துடைப்பம், வாளி, மக், ஸ்க்ரூடிரைவர், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், மாமியாரின் பிரஷர் மாத்திரை, மகளின் பள்ளிச் சீருடை எல்லாம் இருந்தன. திங்களன்று பள்ளி தவறவில்லை. மெஷின் போல்ட்டுகளைக் கழற்றிவிட்டு ஓட்டியபோது அதிர்வில்லை. ஒரே நகரத்துக்குள் மாறியதால் சிலிண்டரை ஒப்படைக்கத் தேவையில்லாமல் இணைப்பு மட்டும் புது ஏஜென்சிக்கு மாறியது.

புதன்கிழமை ஏசி மாட்டினார்கள். காற்று வந்தது, குளிர் வரவில்லை. வாயு நிரப்ப 2,800 ரூபாய். ஒரு வாரம் கழித்து மூட்டைத் துணிகளைத் துவைத்தபோது இரண்டு போர்வையிலும் ஒரு பட்டுக்கரை வேட்டியிலும் சல்லடை போல ஓட்டைகள். பேட்டரி அமிலம் பருத்தியில் பட்ட உடனே தெரியாது. காயக் காய நாரை அரித்து, துவைக்கும்போதுதான் பிய்யும். இறக்கிய அன்றே ஈரம் கண்ட இடத்தில் ஆப்ப சோடா கரைத்த நீரை, நுரைப்பது நிற்கும்வரை ஊற்றி அலசியிருந்தால் பாதியாவது பிழைத்திருக்கும்.

உடைந்த பொம்மை ஒன்றே ஒன்று. டிரங்கில் இல்லாமல் கூடத்து ஷோகேஸில் இருந்த செட்டியார். ஷோகேஸைக் காலி செய்த கணவன் கண்ணாடி டம்ளர் பெட்டியில் அதைச் சொருகியிருந்தார். அந்த வருடக் கொலுவில் மளிகைக் கடையைச் செட்டிச்சி தனியாகத்தான் பார்த்துக்கொண்டார்.

மாற வேண்டியவை

பெட்டிப் பட்டியலுக்கு முன்னால் சுவர்ப் பட்டியல். ஒவ்வொரு அறையிலும் நின்று ஆணி, ஸ்க்ரூ, குழாய், ஒயர் எதில் தொங்கினாலும் எழுதி, எதிரே கழற்றுபவர் யார், என்றைக்கு என்று குறிக்க வேண்டும். இந்த வீட்டில் ஏழு வரிதான் வந்திருக்கும். எலெக்ட்ரீஷியன் ஒருவரை வெள்ளி மாலை இரண்டு மணி நேரம் வரவழைத்திருந்தால் மின்விசிறி, டிவி, இன்வெர்ட்டர் மூன்றும் முடிந்திருக்கும். இரண்டு இரவை மேசை விசிறியோடு கழிக்கலாம்.

ஏசியும் வெள்ளியன்றே இறங்க வேண்டும். ரிமோட்டை நூலால் உள் யூனிட்டிலேயே கட்டிவைப்பது, நட்டைத் தொடுமுன் இரண்டு வால்வும் மூடியதைக் கண்ணால் பார்ப்பது, இரண்டும் வீட்டாரின் வேலை. புது இடத்தில் மாட்டும்போது குழாயில் உள்ள காற்றை வாக்குவம் பம்ப் வைத்து இழுத்த பிறகே வால்வைத் திறக்கச் சொல்ல வேண்டும்.

சுத்திகரிப்புக் கருவிக்கு முந்தின இரவே குழாய் வால்வை மூடி, தொட்டியைக் குடங்களில் வடித்துவிட்டால் மறுநாள் காலைக்குக் குடிநீரும் ஆயிற்று.

பேட்டரி முதல் நடையில், கேபின் ஓரமாக, ஒரு பிளாஸ்டிக் டப்புக்குள் நேராக நிற்க வேண்டும். சுற்றிலும் செங்கல்லோ மரக்கட்டையோ அடைகொடுத்து, துணி, மெத்தை எதுவும் ஒரு கை தூரத்துக்குள் இல்லாமல். தனி ஆட்டோ பிடித்துக் கால்மிதியில் வைத்துக் கொண்டுபோனாலும் செலவு இரண்டு போர்வையைவிடக் குறைவு.

ஷோகேஸைக் காலி செய்ய வேண்டியவரும் கொலு டிரங்கைக் கட்டுகிறவரே.